நாள் தொடங்கும் மணி

ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குப் போகும் காலைப் பேருந்து சானமாவுக் காட்டைக் கடந்துதான் போக வேண்டும். சில நாள் சாலையில் யானை நிற்கும். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைப்பார். யானை எப்போது நகர்கிறதோ அப்போது நாங்களும் நகர்வோம். அப்படிப்பட்ட நாள்களில் நான் தொழிற்சாலை வாசலை அடையும்போது சங்கு ஊதி ஓய்ந்திருக்கும். வாசல் காவலர் கன்னடக்காரர். என்னைத் தூரத்தில் கண்டதுமே, "ஆனெ பந்தா, மேடம்?" என்று குரல் கொடுப்பார். யானை வந்ததா என்று கேட்கிறார். "பந்து, ஹோய்த்து," என்பேன் நானும். வந்தது, போய்விட்டது. யானையே வராமல் நான் தாமதமாகப் போன நாளிலும் இதே கேள்விதான், இதே பதில்தான். இருவருக்கும் தெரியும். அவர் கதவைத் திறந்துவிடுவார்.

தொண்ணூறுகள் முடியப்போகும் காலம் அது. நான் புள்ளியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான். அத்தா ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி வாங்கி விற்பவர். இரண்டு அண்ணன்களும் அதே தக்காளிக் கூடைகளை லாரியில் ஏற்றுகிறவர்கள். அம்மா அரபியைக் கூட்டி ஓதுவார், தமிழ் எழுத்து தெரியாது. பேருந்துப் பலகையில் ஊர்ப்பெயரை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. கொஞ்சம் கர்வம்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பட்டம் புள்ளியியல், ஆனால் கிடைத்த வேலை தட்டச்சு. எங்கள் ஆலையில் டிராக்டர் எஞ்சினுக்கான பிஸ்டன் பின் செய்தார்கள். கையில் எடுத்தால் கனமாக, வழுவழுப்பாக, கண்ணாடி மாதிரி மின்னும் எஃகு உருளை. சாணைக்கல்லில் தேய்த்துத்தான் அதை அந்த விட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சோதனைக்காரர் ஒருவர் ஒரு பின்னை எடுத்து, விட்டத்தை அளந்து, தாளில் குறிப்பார். அந்தத் தாள்கள் எங்கள் அறைக்கு வரும். நானும் இன்னும் இரண்டு பெண்களும் எண்களைக் கணினியில் ஏற்றுவோம். அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

தர மேலாளரின் தம்பி பெங்களூரில் ஆராய்ச்சி மாணவர். ஒருமுறை அவர் ஒரு குறுந்தகடு கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு கணினி மொழி இருந்தது. அதன் பெயரே ஒற்றை ஆங்கில எழுத்துத்தான். புள்ளியியல் கணக்குக்கென்றே உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் பேராசிரியர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்த மொழி. மேலாளர் அதை ஒரு பழைய கணினியில் ஏற்றி, "யாராச்சும் பாருங்கப்பா," என்றார். எஞ்சினியர்கள் யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் நான் பார்த்தேன்.

கல்லூரியில் ஒரு பக்கம் முழுக்கப் போட்ட கணக்கு அங்கே ஒரு வரியில் முடிந்தது. அன்று என் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

கொஞ்ச நாளில் அந்த மொழியில் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் எழுதத் தொடங்கினேன். ஃபங்ஷன் என்றால், ஒரு வேலையைச் செய்யும்படி எழுதிப் பெயர் வைத்த ஒரு துண்டு. ஒன்று அளவுகளை நேர வரிசைப்படுத்தும். ஒன்று சராசரியும் சிதறலும் கணக்கிடும். ஒன்று கட்டுப்பாட்டுப் படம் வரையும்: மேலே ஒரு எல்லைக்கோடு, கீழே ஒரு எல்லைக்கோடு, நடுவே அளவுகள் புள்ளி புள்ளியாக. ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினால் அது சிவப்பாகும். மேலாளர் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து வாரக் கூட்டத்துக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்.

ஆனால் எல்லாம் என் தலைக்குள்ளும் நாலைந்து ஃபிளாப்பிகளிலும் சிதறிக் கிடந்தன. ஒரு ஃபிளாப்பியில் 'நியூ', இன்னொன்றில் 'நியூ டூ', மற்றொன்றில் 'ஃபைனல்', அதையும் திருத்தி 'ஃபைனல் ஒரிஜினல்'. எது எதற்கு முன்னால் ஓட வேண்டும் என்பது எனக்கு மட்டுமே தெரியும். பெருநாளுக்கு நான் விடுமுறை எடுத்தபோது மேலாளருக்குப் படம் தேவைப்பட்டிருக்கிறது. இரண்டு பெண்களும் எல்லா ஃபிளாப்பிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் மேலாளர் கேட்டார்:

"ஏம்மா, நீ பிரியாணி சாப்பிடப் போனே, சரி. உன் சார்ட்டும் உன்கூடவே ஏன் போச்சு?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அது உறைத்தது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்று சொல்லிக்கொள்வது சுகமாகத்தான் இருக்கும். அதே வார்த்தையைத் திருப்பிப் பார்த்தால், நான் செய்தது இன்னும் முடியவில்லை என்று பொருள்.

அந்த மொழியில் இதற்கு ஒரு வழி இருந்தது. பேக்கேஜ் என்பார்கள். எழுதிய ஃபங்ஷன்களையெல்லாம் ஒழுங்காக அடுக்கி, ஒரே கட்டாகக் கட்டி, இன்னொருவர் கையில் கொடுப்பது. அடுக்குவதற்கு விதி உண்டு. ஃபங்ஷன்களுக்கு ஒரு அறை. ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன செய்யும், அதை எப்படி அழைக்க வேண்டும் என்று விளக்கும் உதவிப் பக்கங்களுக்கு ஒரு அறை. மாதிரித் தரவுக்கு ஒன்று, சோதனைகளுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, வாசற்படியில் மாட்டிய பலகைபோல ஒரு சின்னக் கோப்பு: பேக்கேஜின் பெயர், அது எதற்கு, எத்தனையாவது பதிப்பு, எழுதியவர் யார்.

எழுதியவர் என்ற வரியில் அத்தாவின் முதலெழுத்தைப் போட்டு என் பெயரை எழுதினேன். எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலையைப் பார்த்தேன்.

கட்டி முடித்ததும் ஒரு கட்டளை கொடுத்தால் அந்த மொழியே பேக்கேஜை மேலிருந்து கீழ்வரை சோதிக்கும். எல்லா ஃபங்ஷனுக்கும் உதவிப் பக்கம் இருக்கிறதா, பக்கத்தில் எழுதியிருக்கும் உதாரணம் உண்மையில் ஓடுகிறதா, நாம் எழுதி வைத்த சோதனைகளுக்கு நாம் சொன்ன விடையே வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வரிக்கு வரி 'ஓகே' போடும். ஒரு இடத்தில் பிசகினாலும் அங்கேயே நின்றுவிடும். தயவு தாட்சண்யம் கிடையாது.

வீட்டில் இதை அத்தாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். "சந்தையில வியாபாரி என்னா பண்ணுவான்? கூடையில மேல இருக்கற தக்காளிய பாப்பானா?"

"மேல பாக்கறவன் வியாபாரியா? அடியில கைய வுட்டு எடுப்பான்."

"அதத்தான் நானே என் கூடைக்குப் பண்ணிக்கறேன் அத்தா. விக்கறதுக்கு முன்னாடி."

அத்தா யோசித்தார். "உன் கூடைக்கு நீயே கைய வுட்டா, அழுகல் இருக்கற பக்கமா வுடுவே?"

"நான் வுடுவேன்," என்றேன்.

மேலாளருக்கு அந்த பேக்கேஜ் பிடித்துப்போனது. நிறுவனத்துக்கு ஓசூரில் ஒன்று, கிருஷ்ணகிரியில் ஒன்று, பர்கூர்ப் பக்கம் ஒன்று என மூன்று ஆலைகள். மூன்றிலும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். கிருஷ்ணகிரி ஆலையின் தர எஞ்சினியர் தானே தன் கணினியில் ஏற்றி, தன் ஆலையின் தரவை வைத்து ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நான் அறையில் இருக்கலாம், கணினியைத் தொடக் கூடாது. ஒப்புதல் கிடைத்தால் எனக்குத் தரப் பிரிவில் எஞ்சினியர் நிலையில் வேலை. கிடைக்காவிட்டால் கடையில் விற்கும் மென்பொருளை வாங்கிக்கொள்வார்கள், நான் தட்டச்சு அறையிலேயே இருப்பேன். இரண்டுக்கும் நடுவில் வேறு நாற்காலி எதுவும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மேலாளரும் நானும் ஜீப்பில் கிருஷ்ணகிரிக்குப் போனோம்.

அங்கே இருந்த எஞ்சினியர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உயரமான, வாட்டசாட்டமான மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் எழுதினீயளோ? நான் யாரோ கண்ணாடி போட்ட வாத்தியாரு வருவாருன்னு நெனச்சேன்."

"கண்ணாடி அடுத்த வருஷம் வந்துரும் சார்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அவர் உதவிப் பக்கத்தைப் படித்தார், உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். பேக்கேஜை ஏற்றினார். சோதனைக் கட்டளையைக் கொடுத்தார். 'ஓகே', 'ஓகே' என்று வரிகள் இறங்கின. நான் சொல்லிக்கொடுக்காமலே ஒரு அந்நியர் என் ஃபங்ஷன்களைப் பெயர் சொல்லி அழைத்தார், அவையும் அவருக்குப் பதில் சொல்லின. அந்த நாற்காலியில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்ததைப் போன்ற சந்தோஷம் எனக்குப் பட்டம் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை.

பிறகு அவர் தன் ஆலையின் தரவை உள்ளே விட்டார். படம் வந்தது.

சாணைக்கல் தேயத் தேயப் பின்னின் விட்டம் இம்மியளவு ஏறிக்கொண்டே போகும். சில நாளைக்கு ஒருமுறை கல்லைச் சீர்செய்யும்போது மீண்டும் இறங்கும். எனவே மெல்ல ஏறும் சாய்கோடு ஒன்று, அதனோடு சேர்ந்தே சாயும் எல்லைக்கோடுகளுக்கு நடுவே, தெரிந்தாக வேண்டும். அது தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் கோடு திடீரென்று ஒரு படி மேலே ஏறியது. காலை ஆறு மணிக்கு மீண்டும் ஒரு படி இறங்கியது. மேலேறிய புள்ளிகளில் பாதி சிவப்பு.

மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தீங்களா! மூணாவது ஷிஃப்ட்டு! நடுராத்திரிக்கு மேல என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. இது புடிச்சுக் குடுத்துருச்சு!"

எஞ்சினியரின் முகம் சிவந்தது. "எங்க ஆளுவ தூங்குதாங்கன்னு உங்க பொட்டி சொல்லுதோ?"

"பொட்டி ஒண்ணும் சொல்லல. உங்க நம்பர்தான் சொல்லுது."

"எங்க மிஷின் ஆளுவளப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பொட்டி ஓடுதா, ஓடுது. ஒத்துக்கிடுதேன். ஒப்புதல் வேணும்னா எழுதித் தாரேன். ஆனா அந்தப் படத்த நான் நம்ப மாட்டேன்."

"ஓடுதுன்னு எழுதிக் குடுங்க, அது போதும்," என்றார் மேலாளர். என் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஜெயிச்சுட்டே. திங்கக்கிழமை தலைமை அலுவலகத்துல சொல்லிடறேன். பேக்கேஜும் வந்துருச்சு, வந்த அன்னிக்கே ஒரு குத்தத்தையும் கண்டுபுடிச்சுருச்சுன்னு."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் படி பிடிக்கவில்லை. மூன்றாவது ஷிஃப்ட்டு ஆட்கள் வருவது இரவு பத்து மணிக்கு. பத்திலிருந்து பன்னிரண்டு வரை கோடு ஒழுங்காக ஏறுகிறது. அதே ஆள், அதே கல், அதே இரும்பு. பன்னிரண்டு அடித்தால் மட்டும் என்ன மாறும்? தூக்கம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. வந்தாலும் இவ்வளவு நேரான படியாக வராது. படியின் மேற்பரப்பு கீழே இருக்கும் கோட்டைப் போலவே சீராகச் சாய்ந்து போயிற்று. யாரோ கோட்டின் ஒரு துண்டை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டியதைப் போல.

"சார்," என்றேன், "திங்கக்கிழமை வரைக்கும் ஒப்புதலும் வேணாம், தலைமை அலுவலகத்துக்கும் சொல்ல வேணாம்."

"ஜெயிச்ச ஆட்டத்த நிறுத்தச் சொல்றியேம்மா!"

"படம் சரியா இருந்தா திங்கக்கிழமையும் சரியாத்தான சார் இருக்கும்?"

எஞ்சினியர் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

அங்கிருந்தே ராயக்கோட்டைக்குப் பேருந்து ஏறினேன். வழி முழுக்க அந்தப் படியை மனதுக்குள் ஏறி இறங்கிக்கொண்டே வந்தேன். சராசரிக் கணக்கில் தப்பு இருக்க முடியாது, அதற்குச் சோதனை இருக்கிறது. எல்லைக்கோட்டுக்குச் சோதனை இருக்கிறது. வரிசைப்படுத்துவதற்கும் இருக்கிறது. எல்லாமே 'ஓகே'. எல்லாம் சரி என்று சொன்னால் தப்பு நான் பார்க்காத பக்கத்தில்தான் இருக்கிறது. அத்தா கேட்டது ஞாபகம் வந்தது. நான் கையை விடாத பக்கம் எது?

வீட்டுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. அம்மா சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். நான் அலுப்பில் செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு, கை கால் கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"வெள்ளி ராத்திரி அதுவுமா இப்பிடியா வந்து குந்துவ? போயி ஒளு செய்," என்றார் அம்மா.

"வியாழக்கிழமைதானேம்மா இன்னிக்கி?" என்று பெரிய அண்ணன் அவரைச் சீண்டினான். எப்போதும் சீண்டுவதுதான்.

"நீ லாரிக்காரன் கணக்குல இரு. பொழுது சாஞ்சா என் வூட்டுல வெள்ளிக்கிழமை."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இரவு முதலில் வருகிறது, பகல் பின்னால் வருகிறது. காலண்டரில் வியாழன் என்றிருக்கும் சாயங்காலம் எங்களுக்கு வெள்ளி. அப்படியிருந்தும், பேக்கேஜ் எழுதும்போது நாள் நள்ளிரவில்தான் மாறும் என்று யோசிக்காமலே வைத்துவிட்டேன், கணினிக்கு அதுதான் வழக்கம் என்பதால். தொழிற்சாலைக்கு எது வழக்கம்?

எனக்குத் தெரியாததற்குக் காரணம் இருந்தது. ஓசூரில் எங்கள் பிஸ்டன் பின் பிரிவு இரண்டு ஷிஃப்ட்டுதான் ஓடியது, இரவு பத்துக்கு நின்றுவிடும். நான் தட்டிய தாள் ஒன்றுகூட நள்ளிரவைத் தாண்டியதில்லை. நள்ளிரவில் ஒரு ஆலைக்குள் நான் நின்றதும் இல்லை. பெண்களை இரவில் ஆலை வேலைக்கு வைக்க அன்றைய சட்டம் விடாது. ஆகவே என் சோதனைகளும் என்னைப் போலவே பொழுதோடு வேலையை முடித்து வீட்டுக்குப் போய்விட்டன.

"என்னாடி, பேய் கண்டவ மாதிரி நிக்கற?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. நல்ல சேதிதான்."

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் கிருஷ்ணகிரிக்குத் தொலைபேசி போட்டேன்.

"சார், ராத்திரி ஒரு மணிக்கு அளக்கறாங்களே, அப்ப எந்தத் தேதி போடுவாங்க?"

"எந்தத் தேதின்னா? ஷிஃப்ட்டுக்கு வந்த தேதிதான். புதன்கிழம ராத்திரி பத்துக்கு வந்தான்னா விடியக்காலம் ஆறு வரைக்கும் அவனுக்குப் புதன்கிழமதான். ஒரே ஆளுக்கு ஒரே ராத்திரில ரெண்டு தேதி போட்டா எந்த நாளு சம்பளம்னு பைத்தியமில்லா புடிக்கும்?"

"அவ்வளவுதான் சார். உங்க ஆளுங்க தூங்கல."

"அது எனக்குத் தெரியும். உங்க பொட்டிக்கு எப்பம் தெரியும்?"

"நாளைக்கி."

தேதியையும் மணியையும் வைத்துத்தான் என் ஃபங்ஷன் வரிசைப்படுத்தியது. வியாழன் அதிகாலை ஒரு மணிக்கு அளந்த பிஸ்டன் பின், தாளில் புதன் என்று இருப்பதால், புதன் காலைக்கும் முன்னால் போய் நின்றுகொண்டது. ஒரு முழு நாள் கல் தேய்ந்த பிறகு வந்த பருமனான பிஸ்டன் பின், அந்த நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டதாகப் படம் காட்டியது. அதுதான் அந்தப் படி. தேதி போட்டவர்களிடம் தப்பில்லை. அது அவர்கள் ஆலையின் வழக்கம்.

ஃபங்ஷனை உடனே திருத்தவில்லை. முதலில் சோதனையை எழுதினேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கற்பனையாக ஒரு இரவு ஷிஃப்ட்டை உருவாக்கினேன். இரவு பத்து முதல் காலை ஆறு வரை, ஒவ்வொரு அளவும் முந்தையதைவிடச் சற்றே கூடுதல், எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. அதைக் குலைத்துப் போட்டுவிட்டு, என் ஃபங்ஷன் சரியான வரிசையில் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினேன். கட்டளை கொடுத்தேன். 'ஓகே', 'ஓகே' என்று இறங்கிய வரிகள் அந்தச் சோதனை வந்ததும் நின்றன. பிழை.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கணினிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"பெயிலானதுக்குப் போயி சிரிக்கிற ஒரே ஆளு நீதான்டி."

"இத்தன நாளா பாஸாகிட்டிருந்துச்சே, அதுக்குத்தான் அழணும்."

திருத்துவது எளிதாக இருந்தது. நாள் தொடங்கும் மணி எது என்பதை ஃபங்ஷனுக்குள் அனுப்ப வேண்டும். அந்த மணிக்கு முந்தைய நேரங்களை அந்த நாளின் வாலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சில வரிகள்தான். மேலாளர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்கு என் மேல் இன்னும் வருத்தம்தான். மூன்றாவது ஷிஃப்ட்டைப் பிடித்துவிட்டோம் என்ற அவருடைய சேதியை நான் கெடுத்துவிட்டேனே.

"ஆறு மணின்னு உள்ளயே எழுதிடேன். எதுக்கு அத வேற கேட்டுக்கிட்டு?"

"பர்கூர்ல ஏழு மணிக்கு ஷிஃப்ட்டு மாறுது சார். நானே ஆறுன்னு போட்டுட்டா அங்க யாரும் யோசிக்க மாட்டாங்க. படம் மட்டும் பொய் சொல்லும்."

"சரி, அவங்க சொல்லாம வுட்டா?"

"ஓடாது சார். நாள் எத்தனை மணிக்குத் தொடங்குதுன்னு சொன்னாத்தான் ஓடும்."

"இது என்னம்மா, அதிகாரம் பண்ற புரோகிராமா இருக்கு."

"ஆமா சார்," என்றேன்.

உதவிப் பக்கத்தில் அதற்கு ஒரு பத்தி எழுதினேன். தேதி என்பது நீங்கள் தாளில் எழுதும் தேதி, காலண்டர் தேதி அல்ல. உங்கள் ஆலையில் நாள் எப்போது தொடங்குகிறதோ அதைச் சொல்லுங்கள் என்று. பதிப்பு எண்ணை ஒன்று ஏற்றினேன். முழுச் சோதனையும் ஓடி, கடைசி வரி வரைக்கும் 'ஓகே' விழுந்தது.

சனிக்கிழமை காலை கம்பெனி ஜீப் ஓட்டுநரிடம் ஃபிளாப்பியைக் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை. மேலாளர் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். அறையின் மூலையில்கூட நான் இல்லாமல் அது நடக்க வேண்டும் என்று நினைத்தேன். எதிலாவது சிக்கினால் கூப்பிடுங்கள் என்று எஞ்சினியருக்கு ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வைத்தேன்.

அன்று தட்டச்சு அறையில் உட்கார்ந்து வழக்கம்போல எண்களை ஏற்றினேன். ஜீப் சூளகிரியைத் தாண்டியிருக்கும். இப்போது சேர்ந்திருக்கும். இப்போது அவர் உதட்டை அசைத்து அசைத்து அந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருப்பார். தொலைபேசி அடித்தபோதெல்லாம் நிமிர்ந்தேன். ஸ்டோருக்கு ஒன்று, மேலாளர் வீட்டிலிருந்து ஒன்று, தப்பான எண் ஒன்று. எனக்கு ஒன்றும் இல்லை. முதலில் பயமாக இருந்தது. பிறகு மெல்லப் புரிந்தது, அடிக்காமல் இருப்பதுதான் நல்லது. சிக்கியிருந்தால் அடித்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அடித்தது. எஞ்சினியர்தான்.

"என்னம்மா, உங்க பொட்டி என்னையக் கேள்வி கேக்குது? நாளு எப்பம் தொடங்குதுன்னு. எங்க வீட்டுல எங்க அம்மகூட என்னட்ட இப்படிக் கேட்டதில்ல."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"ஆறுன்னேன். படி போயிருச்சி. நூல் புடிச்ச மாதிரி ஒரே கோடு. சிவப்பு ஒண்ணே ஒண்ணு இருக்கு, அது மொத ஷிஃப்ட்டுல. கல்ல சீர்செஞ்சிட்டு அளவ சரியா வைக்கல. அந்தப் பயல நான் பாத்துக்கிடுதேன்."

"சந்தோஷம் சார்."

"மூணாவது ஷிஃப்ட்டுக்காரனுவ உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னானுவ. நாங்க தூங்கினாலும் நேராத்தான் தூங்குவோமாம்."

சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது. "ஒப்புதல் எழுதி ஓட்டுநர்ட்ட குடுத்தாச்சு. வியாழக்கிழமையே நீங்க வாங்கிட்டுப் போயிருக்கலாம்."

"வியாழக்கிழமை அது முடியல சார்."

திங்கட்கிழமை மேலாளர் தலைமை அலுவலகத்தோடு பேசினார். மூன்று ஆலைகளுக்கும் என் பேக்கேஜ் போயிற்று. தட்டச்சு அறையிலிருந்த என் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு தரப் பிரிவுக்குள் போனேன். உதவ வந்த எஞ்சினியர் பையனிடம் வேண்டாம் என்று சொன்னேன். அது என் நாற்காலி.

அத்தாவிடம் அன்று சாயங்காலம் சொன்னேன், அழுகல் இருந்த பக்கத்தில் நான் கை விடவில்லை, வேறு ஆள் விட்டார் என்று. "அப்புறம்?" என்றார். "அப்புறம் அந்தப் பக்கத்துக்கும் சோதனை எழுதிட்டேன்," என்றேன். அவர் பாதிதான் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஆனால் மறுநாள் சந்தையில், என் மகள் கிருஷ்ணகிரி கம்பெனியின் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கிருஷ்ணகிரியில் தப்பே இல்லை என்பதுதான் கதை என்று அண்ணன் திருத்தியிருக்கிறான். அவர் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து ஜீப் ஓட்டுநர் ஒரு ஃபிளாப்பி கொண்டுவந்தார். கிருஷ்ணகிரி எஞ்சினியர் அனுப்பியது. திறந்து பார்த்தேன். கல்லை எப்போது சீர்செய்ய வேண்டும் என்று கோட்டின் சாய்விலிருந்து முன்கூட்டியே சொல்லும் ஒரு ஃபங்ஷன். என் பேக்கேஜில் இருக்கும் அதே அடுக்கில் வைத்திருந்தார். ஃபங்ஷன் அதன் அறையில், உதவிப் பக்கம் அதன் அறையில். அவர் எழுதிய ஆங்கிலத்தில்கூட அவர் குரல் கேட்டது. மேலே ஒரு சீட்டு: பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கு சார். சேத்துக்கறேன்."

"ஒரு காரியம் கேக்கணும். அந்த வாசல் கோப்புல, எழுதினவங்க பேருன்னு உங்க பேரு மட்டும் இருக்குல்லா? பக்கத்துல எம்பேரையும் போடலாமா?"

நான் ஃபிளாப்பியை இன்னொருமுறை பார்த்தேன். சோதனைகளுக்கான அறை காலியாக இருந்தது.

"போடலாம் சார். டெஸ்ட் எங்க?"

மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"எழுதி அனுப்புதேன் தாயி," என்றார்.

"ராத்திரி ஷிஃப்ட்டையும் சேத்து எழுதுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.